மயக்க மருந்து கொடுத்த குழந்தை துள்ளினால், முறுக்கினால்: பெற்றோருக்கு ஒரு முழு வழிகாட்டி

எம்ஆர்ஐ எடுக்க, எக்கோ (இதய ஸ்கேன்) பார்க்க, இஇஜி (மூளை அலை) பதிவு செய்ய, நெற்றிக் காயத்துக்குத் தையல் போட, பல் வேலை பார்க்க என்று குழந்தைகளுக்குத் தூக்க மருந்து கொடுக்க வேண்டிய சந்தர்ப்பங்கள் ஏராளம். மருந்து உள்ளே போனதும் கண் சொருகும், கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்க்கிறோம், பெரும்பாலான குழந்தைகளுக்கு அப்படித்தான் ஆகிறது. ஆனால் சில குழந்தைகள் தூங்குவதற்குப் பதிலாகக் கட்டிலை உதைக்கின்றன, பெற்ற தாயையே தள்ளிவிடுகின்றன, சிரிப்பும் அழுகையும் மாறி மாறி வருகிறது. வேறு சில குழந்தைகளுக்குக் கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது, முதுகு வில்லாக வளைகிறது, கண் மேலே போய் நிலைகுத்துகிறது, நாக்கு வெளியே தள்ளுகிறது. பார்க்கிற அப்பா அம்மாவுக்குப் பாதி உயிர் போய்விடும். பாட்டியும் கூட வந்திருந்தால் பேச்சு காத்துக் கருப்பு வரைக்கும் போகும்.

வெளியில் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இவற்றுக்குக் காரணம் வேறு, சிகிச்சையும் வேறு. ஆடுகிற குழந்தையைப் பார்த்ததும் "மருந்து பத்தலை போல, இன்னும் கொஞ்சம் கொடுங்க" என்று சொல்லத் தோன்றும், அவசரத்தில் இருக்கிற ஸ்கேன் சென்டர் ஊழியருக்கும் அதுவேதான் தோன்றும். இந்த விஷயத்தில் ஆபத்து தொடங்குகிற இடம் பெரும்பாலும் அதுதான். முதலில் மூச்சைப் பார்க்க வேண்டும், அடுத்து எந்த மருந்து எத்தனை மணிக்குப் போனது என்று பார்க்க வேண்டும், அப்புறம்தான் அடுத்த மருந்தைப் பற்றிப் பேச வேண்டும். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் படியுங்கள்.

முதல் படி: போவதற்கு முன்பே செய்ய வேண்டியவை

எந்த மருந்து கொடுக்கப் போகிறார்கள் என்று கேட்டு, பெயரை எழுதி வாங்குங்கள். "தூங்க வைக்கிற மருந்து" என்ற பதிலோடு திரும்ப வேண்டாம். வாய்வழியா, மூக்கில் அடிக்கிற ஸ்பிரேயா, ஊசியா, யார் கொடுப்பார்கள், கொடுத்தபின் குழந்தையை யார் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், பல்ஸ் ஆக்சிமீட்டர் மாட்டுவார்களா, குழந்தைக்கு ஏற்ற அளவு ஆக்சிஜன் மாஸ்க் அறையில் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிற இடம் என்றால் வேறு இடம் பார்ப்பது நல்லது.

நீங்கள் சொல்ல வேண்டியதும் உண்டு. குழந்தைக்கு முன்பு தூக்க மருந்து கொடுத்தபோது ஆட்டம் போட்டதா, வலிப்புக்கு தினமும் என்ன மருந்து சாப்பிடுகிறது, இரவில் குறட்டை விடுமா, சளி இருமல் இருக்கிறதா, நேற்று வாந்திக்கு ஏதாவது கொடுத்தீர்களா. வாந்தி மருந்தை எல்லோரும் சொல்ல மறப்பார்கள், அதை ஏன் சொல்ல வேண்டும் என்பது பின்னால் வரும். குடும்பத்தில் யாருக்காவது ஆபரேஷன் மயக்கத்தில் திடீரென உடம்பு கொதித்து, தாடை இறுகி, தசைகள் விறைத்துப்போன கதை இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அது பரம்பரையாக வரும் ஒரு கோளாறு, அரிதுதான், ஆனால் முன்கூட்டியே தெரிந்தால் மயக்க மருத்துவர் அதைத் தூண்டாத மருந்துகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்.

வயிறு காலியாக இருக்க வேண்டிய நேரத்தை மருத்துவமனையே சொல்லும். பொதுவான கணக்கு: தண்ணீருக்கு 2 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, பசும்பாலுக்கும் டப்பா பாலுக்கும் 6, இட்லி பிஸ்கட் மாதிரி லேசான உணவுக்கும் 6. இதைக் கடைப்பிடியுங்கள், ஆனால் அளவுக்கு மீறிப் பட்டினி போடாதீர்கள். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் மதியம் வரை வெறும் வயிற்றோடு இருக்கிற ஒன்றரை வயதுக் குழந்தைக்கு ரத்தத்தில் சர்க்கரை குறையலாம். அதுவே நடுக்கத்தையும் முரண்டையும் கொண்டுவரும்.

இன்னொன்று, வீட்டிலேயே மருந்து கொடுத்துவிட்டுக் கிளம்பாதீர்கள். "வர்றதுக்கு அரை மணி நேரம் முன்னாடி இந்த சிரப்பைக் குடுத்துடுங்க" என்று யார் சொன்னாலும் சரி. வழியில் ஆட்டோவில் குழந்தையின் தலை மார்பில் கவிழ்ந்து மூச்சுக்குழாய் அடைத்தால் பார்க்க ஆள் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் 2019 வழிகாட்டுதலும் இதைத்தான் வலியுறுத்துகிறது.

இரண்டாம் படி: எந்த மருந்து என்ன ஆட்டம் காட்டும்

அதிகம் குழப்புவது மிடாசோலம். மூக்கு ஸ்பிரேயாகவோ, இனிப்பு கலந்து வாயிலோ, ஊசியாகவோ கொடுப்பார்கள். பதற்றத்தைக் குறைக்கிற மருந்து, நடந்ததை மறக்கவும் வைக்கும். ஆனால் சில குழந்தைகளுக்கு இது நேர் எதிராக வேலை செய்கிறது. ஸ்பிரே அடித்து ஐந்து பத்து நிமிடத்தில் குழந்தை லேசாகக் குழறிப் பேசும், சிரிக்கும், சரி தூங்கப் போகிறது என்று நினைக்கும்போதே எழுந்து உட்கார்ந்து மாஸ்க்கைப் பிடுங்கும், வென்ஃப்ளான் (நரம்பில் மருந்து ஏற்றுகிற சின்னக் குழாய்) போட்ட கையை உதறும், அம்மா கூப்பிட்டால் அம்மாவையே யாரோ மாதிரி பார்த்துக் கத்தும். கண் திறந்திருக்கும், பார்வை எங்கேயோ இருக்கும். இது அடம் இல்லை, அதட்டினால் அடங்காது. மூளையில் அடக்கி வைக்கிற பகுதி முதலில் மயங்கிவிட்டு மற்றது விழித்திருக்கும் நிலை என்று இதை விளக்குகிறார்கள். மருந்து இறங்க இறங்கத் தானாக அடங்கும், ஒரு மணி நேரமோ கொஞ்சம் கூடவோ ஆகலாம்.

இதே மருந்து குறைமாதத்தில் பிறந்த பச்சிளம் குழந்தைகளுக்குச் சில நேரம் கை கால்களில் திடீர் வெட்டு அசைவுகளைக் கொடுக்கும். ஐசியுவில் நாள்கணக்கில் மிடாசோலமும் ஃபென்டனில் என்ற வலி மருந்தும் சொட்டுச் சொட்டாக ஓடி, பிறகு சட்டென்று நிறுத்தினால் வேறொரு ஆட்டம் வரும்: நடுக்கம், வியர்வை, கை கால் நெளிந்து நெளிந்து அசைவது, முகம் கோணுவது, அம்மாவை அடையாளம் தெரியாதது. இது மருந்தை விடும்போது வருவது. படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலும் தவிர்க்கலாம், வந்தாலும் நாட்கள் போகப்போகச் சரியாகும். ஐசியுவிலிருந்து வார்டுக்கு மாற்றிய ஓரிரு நாளில் இப்படி ஏதாவது பார்த்தால் "அங்கே எத்தனை நாள் என்ன மருந்து ஓடியது" என்பதை வார்டு டாக்டருக்கு நீங்களே நினைவூட்டுங்கள்.

அடுத்து கீட்டமின். அமெரிக்காவில் 1970ல் அனுமதி பெற்ற பழைய மருந்து, எலும்பு முறிவைச் சரிசெய்யவும் தையல் போடவும் அவசரப் பிரிவுகளில் இன்றும் முதல் தேர்வுகளில் ஒன்று. இதில் குழந்தை நாம் நினைக்கிற மாதிரி தூங்காது. கண் திறந்தே இருக்கும், கருவிழி பக்கவாட்டில் துடிதுடிக்கும், எச்சில் ஊறும், கை மெதுவாகத் தானே மேலே போகும், உடம்பு கொஞ்சம் விறைப்பாக இருக்கும். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான், வலி தெரிகிறது என்று பதறத் தேவையில்லை. இதை முன்கூட்டியே பெற்றோருக்குச் சொல்லிவிட்டால் பாதிக் கலவரம் குறையும், பல இடங்களில் சொல்வதில்லை. விழிக்கும்போது சில குழந்தைகள் இல்லாததைப் பார்த்து அலறும், வாந்தி எடுக்கும். கீட்டமினில் பயப்பட வேண்டியது குரல்வளை இறுகுவதற்கு: மூச்சை இழுக்கும்போது 'கீச்' என்ற சத்தம், அல்லது நெஞ்சு ஏறி இறங்கியும் காற்று போகாமல் இருப்பது. அரிது, ஆனால் நிமிடக் கணக்கில் கவனிக்க வேண்டியது.

பால் மாதிரி வெள்ளையாக இருக்கிற ஊசி மருந்துதான் புரோபோஃபால். ஏறும்போது நரம்பில் எரியும் என்பதால் பாதித் தூக்கத்திலும் குழந்தை கையை இழுக்கும். அப்புறம் சில குழந்தைகளுக்குக் கை கால் வெட்டும், முதுகு பின்னோக்கி வளையும். தூங்கப் போகும்போதும் வரலாம், விழிக்கும்போதும் வரலாம், அபூர்வமாகச் சில மணி நேரம் கழித்துக்கூட வரலாம். பார்வைக்கு அசல் வலிப்பு. ஆனால் அப்போது இஇஜி எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் வலிப்பு அலைகள் இருப்பதில்லை.

எக்கோவுக்கும் இஇஜிக்கும் நம் ஊரில் அதிகம் கொடுக்கப்படுவது டிரைக்ளோஃபாஸ் சிரப், பெடிக்ளோரில் என்ற பெயரில் பலருக்குத் தெரியும். (இஇஜிக்கு மிடாசோலத்தைத் தவிர்ப்பார்கள், அது மூளை அலையையே மாற்றிக் காட்டும்.) உடம்புக்குள் போனதும் இது குளோரல் ஹைட்ரேட் தருகிற அதே பொருளாக மாறுகிறது. குளோரல் 1832ல் ஜெர்மனியின் லீபிக் தயாரித்தது, 1869ல் தூக்க மருந்தாக அறிமுகமானது. அத்தனை பழசு. இதில் வருகிற தொல்லை தள்ளாட்டம். தூங்குவதற்கு முன்பு குடித்தவர் போலத் தடுமாறும், சிரிக்கும், முரண்டு பிடிக்கும். விழித்த பிறகும் நடக்க விட்டால் கால் பின்னும். இதன் பாதிப் பங்கு உடம்பிலிருந்து வெளியேறவே 8 முதல் 12 மணி நேரம் ஆகும், பச்சிளம் குழந்தைக்கு இன்னும் அதிகம். ஆகவே காலையில் கொடுத்ததற்குச் சாயங்காலம் தள்ளாடினால் ஆச்சரியமில்லை, ஆனால் மாடிப்படிப் பக்கம் விடாதீர்கள்.

ஃபெனர்கன் என்கிற புரோமெதாசின் பஸ் பயணத்துக்கு, சளிக்கு, தூக்கத்துக்கு என்று வீடுகளில் சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. 2 வயதுக்குக் கீழே மூச்சு நின்றுபோகும் அபாயம் இருப்பதால் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004லேயே கடும் எச்சரிக்கை போட்டது. சில குழந்தைகளை இது தூங்க வைக்காமல் துறுதுறுவென்று ஆக்கும், உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவிக்க வைக்கும், அபூர்வமாகக் கழுத்தை முறுக்கும்.

கழுத்து முறுக்கல் என்றதும் வாந்தி மருந்துக்கு வருவோம். பெரிநார்ம், ஸ்டெமெடில் வகை மருந்துகள் தூக்க மருந்துகள் இல்லைதான், ஆனால் மயக்கத்துக்கு முன்னும் பின்னும் வாந்திக்காகச் சேர்த்தே போகும், பழி மயக்க மருந்தின் மேல் விழும். இவை தருவது தசைப்பிடிப்பு: கழுத்து ஒரு பக்கம் திருகி நிற்கும், கருவிழி மேலே போய் இறங்காது, நாக்கு வெளியே தள்ளும், வாய் கோணும், பேச்சு குழறும். குழந்தைக்கு முழு நினைவு இருக்கும். கூப்பிட்டால் தெரியும், கண்ணில் தண்ணீர் வரும், பயத்தில் அழும். பெரும்பாலும் மருந்து போன ஒன்றிரண்டு நாளுக்குள் வரும், காய்ச்சலும் நீர்ச்சத்துக் குறைவும் உள்ள குழந்தைக்கு வாய்ப்பு அதிகம். இதை வலிப்பு, ஜன்னி, ரணஜன்னி, நடிப்பு, பேய் என்று என்னென்னவோ சொல்லி அலைகிறார்கள். சரியான ஊசி ஒன்று போட்டால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் கழுத்து நேராகிவிடும், பார்க்கிறவர்களுக்கு மாயம் போல இருக்கும். வேடிக்கை என்னவென்றால் நம் ஊர் அவசரப் பிரிவுகளில் அதற்குப் போடும் ஊசிகளில் ஒன்று அதே ஃபெனர்கன்தான். ஐரோப்பிய மருந்து முகமை 2013ல் பெரிநார்மில் உள்ள மெட்டோகுளோபிரமைடை ஒரு வயதுக்குள் கொடுக்கவே வேண்டாம், பெரிய குழந்தைகளுக்கும் வேறு வழி இல்லாதபோது மட்டும் என்று கட்டுப்படுத்தியது.

மூன்றாம் படி: அந்த நேரத்தில், அந்த அறையில்

குழந்தை ஆட ஆரம்பித்துவிட்டது. நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள். ஆளைக் கூப்பிடுங்கள், அதே நேரம் உதட்டைப் பாருங்கள், நெஞ்சைப் பாருங்கள். உதடு நீலமா, நெஞ்சு சீராக ஏறி இறங்குகிறதா, தொண்டையில் எச்சிலோ வாந்தியோ கொரகொரக்கிறதா, சாச்சுரேஷன் (ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவு) எண் என்ன காட்டுகிறது. ஆக்சிஜன் குறைந்த குழந்தையும் கை காலை உதறும், மாஸ்க்கைத் தள்ளும், முரண்டு பிடிக்கும். அதைத் தூக்கம் வராத ஆட்டம் என்று நினைத்து மேலும் மருந்து ஏற்றினால் ஆட்டம் அடங்கும், கூடவே மூச்சும் அடங்கும். விரலில் கிளிப் கழன்றிருப்பதால் எண் வரவில்லை என்றால் எண் இல்லை என்றுதான் அர்த்தம், நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, மறுபடி மாட்டச் சொல்லுங்கள்.

மூச்சு சரி என்றால் சில்லறைக் காரணங்களைத் தேடுங்கள். வென்ஃப்ளான் போட்ட இடம் வீங்கியிருக்கிறதா (மருந்து நரம்பில் போகாமல் சதையில் போயிருக்கும், வலிக்கும், பாதிதான் வேலை செய்திருக்கும்), பிளாஸ்டர் இறுக்கிக் கட்டி விரல் வெளுத்திருக்கிறதா, மூத்திரம் முட்டுகிறதா, பசியா, குளிரா. எம்ஆர்ஐ அறை எப்போதும் ஐஸாக இருக்கும், ஒரு போர்வையிலேயே அடங்கிய குழந்தைகள் உண்டு.

நான்கு பேர் கை காலை அமுக்கிப் பிடிப்பது பழக்கமாக நடக்கிறது. விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கம்பியில் தலை மோதாமல் தலையணை வையுங்கள், அது போதும். நெஞ்சின் மேல் யாரும் பாரம் போடக் கூடாது. விளக்கைக் குறைத்து, டிவியை அணைத்து, ஒரே ஒருவர் மெதுவாகப் பேசினால் போதும். வாயில் ஸ்பூன், துணி, தண்ணீர், எதுவும் வேண்டாம். கையில் சாவிக்கொத்து கொடுப்பது எந்த வலிப்பையும் நிறுத்தியதில்லை.

ஒருவர் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் செல்போனில் முப்பது நொடி வீடியோ எடுங்கள். கண், முகம், கை கால் மூன்றும் தெரியட்டும், கூப்பிட்டால் திரும்புகிறதா என்பதும் அதில் பதியட்டும். பிறகு நரம்பியல் மருத்துவர் கேட்கப் போகிற முதல் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கும்.

நான்காம் படி: வலிப்பா, வேறு ஏதாவதா

வீட்டில் இருப்பவர் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. வெட்டுகிற கையை மெதுவாக உங்கள் கைக்குள் பிடித்து மடக்குங்கள். நடுக்கம் என்றால் பிடித்ததும் நின்றுவிடும். வலிப்பு என்றால் உங்கள் கைக்குள்ளேயே வெட்டிக்கொண்டிருக்கும். நினைவு இருந்து, கண்ணீரோடு கழுத்து மட்டும் திருகி நின்றால் தசைப்பிடிப்பின் பக்கம் சந்தேகம் போக வேண்டும். கத்தல், உதை, புரளல் எல்லாம் ஒழுங்கில்லாமல் மாறி மாறி வந்தால் மிடாசோலம் ஆட்டமாகவோ மயக்கத்திலிருந்து விழிக்கும்போது வருகிற குழப்பமாகவோ இருக்கலாம். ஒரே தாளத்தில் வெட்டு, கண் ஒரு பக்கம் இழுத்து நிற்பது, கூப்பிட்டால் பதில் இல்லை, சாச்சுரேஷன் இறங்குகிறது என்றால் வலிப்பு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். சந்தேகமாக இருந்தாலும் வலிப்பு என்றே நடத்துங்கள். வீட்டில் இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, தமிழ்நாட்டில் 108ஐ அழையுங்கள், ஐந்து நிமிடம் ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அந்த ஐந்து நிமிடக் கணக்கு ஏற்கெனவே வலிப்பு உள்ள, டாக்டர் சொல்லிக் கொடுத்த வீடுகளுக்கு.

ஐந்தாம் படி: டாக்டர்கள் என்ன செய்வார்கள்

மிடாசோலம் ஆட்டம் என்று தெரிந்தால் மேலும் மிடாசோலம் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. காத்திருப்பார்கள், அல்லது மிடாசோலத்தின் வேலையை முறிக்கிற ஃப்ளூமசெனில் என்ற ஊசி போடுவார்கள், ஒன்றிரண்டு நிமிடத்தில் வேலை செய்யும். ஆனால் அது சீக்கிரம் இறங்கிவிடும், குழந்தை மறுபடி மயங்கலாம், அதனால் அதற்குப் பிறகு கூடுதல் நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும். குளோபசாம், குளோனசெபாம் போன்றவற்றைத் தினமும் சாப்பிடுகிற வலிப்புக் குழந்தைக்கு ஃப்ளூமசெனில் வலிப்பையே தூண்டிவிடக்கூடும், ஆகவே அந்த மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். சில நேரம் சிறிய அளவு கீட்டமின் கொடுத்து வேலையை முடிப்பதும் உண்டு, அது மயக்க மருத்துவர் இருக்கிற இடத்தில் மட்டும்.

தசைப்பிடிப்புக்கு ஊசி போட்டு நேரானாலும் அந்த ஊசியின் வேலை முடிந்ததும் சில மணி நேரத்தில் திரும்ப வரலாம். ஓரிரு நாளுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தால் கழுத்துதான் சரியாகிவிட்டதே என்று பாதியில் நிறுத்தாதீர்கள்.

ஆபரேஷன் முடிந்து செவோஃப்ளூரேன் வாயு மயக்கத்திலிருந்து விழிக்கும்போது, முக்கியமாகப் பள்ளிக்குப் போகும் வயதுக்கு முந்தைய குழந்தைகள், அரை மணி நேரத்துக்குள் ஒரு கலவரம் செய்யும். கண்ணைப் பார்க்காது, யாரென்று தெரியாது, சமாதானமே ஆகாது. அதை அளக்க 2004 முதல் ஓர் அளவுகோலே இருக்கிறது. வலியால் அழுகிற குழந்தை அம்மாவைப் பார்த்தால் கட்டிக்கொள்ளும், இது கட்டிக்கொள்ளாது, அதுதான் வித்தியாசம். பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தானாக அடங்கும்.

ஆறாம் படி: வீட்டுக்குப் போகும்போதும் அன்று ராத்திரியும்

கூப்பிட்டால் விழித்து, பழையபடி அடையாளம் கண்டு, வயதுக்கேற்ப உட்காரவோ தலையைத் தூக்கவோ செய்து, சாச்சுரேஷன் ஆக்சிஜன் இல்லாமலே நிற்கும் வரை கிளம்பாதீர்கள். அடுத்த பேஷன்ட் வந்துவிட்டார் என்று அவசரப்படுத்தினாலும் வெளியே பெஞ்சில் உட்காருங்கள். பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டிப் போகாதீர்கள். ஆட்டோவோ காரோ, பெரியவர்கள் இரண்டு பேர் வேண்டும், ஒருவர் முழுக்கக் குழந்தையின் தலையையும் மூச்சையும் மட்டும் பார்ப்பதற்கு. அன்று சைக்கிள், மாடி, தொட்டித் தண்ணீர், தனியாகக் குளிப்பது எதுவும் கிடையாது. முதலில் தண்ணீர், தங்கினால் கஞ்சி. தூக்கம் வரவில்லை, சிணுங்குகிறது என்று வேறு எந்தச் சளி சிரப்பும் கொடுக்காதீர்கள்.

எழுப்ப முடியாத தூக்கம், மூச்சில் சத்தம், திரும்பத் திரும்ப வாந்தி, புதிதாகக் கழுத்து முறுக்கல், வெட்டு, இதில் எது வந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் கிளம்ப வேண்டும். மருந்துப் பெயர் எழுதிய சீட்டு கையில் இருக்கட்டும்.

கடைசிப் படி: கோப்பில் என்ன எழுத வேண்டும்

பெரும்பாலான வீடுகளில் இது நடப்பதே இல்லை. ஆட்டம் அடங்கியது, வீட்டுக்கு வந்தோம், அவ்வளவுதான். அல்லது கோப்பில் "மிடாசோலம் அலர்ஜி" என்று ஒரே வரி எழுதிவிடுவார்கள், இதில் பின்னால் பெரிய சிக்கல் இருக்கிறது. நாளைக்கு அதே குழந்தைக்கு நிற்காத வலிப்பு வந்தால் அதை நிறுத்தப் போடுகிற முக்கிய மருந்துகளில் ஒன்று மிடாசோலம். அலர்ஜி என்று பார்த்ததும் டாக்டர் தயங்குவார். தடிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல், ரத்த அழுத்தம் இறங்குவது எதுவும் இல்லாமல் ஆட்டம் மட்டும் வந்திருந்தால் அதை அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

ஒரு மாதிரி: "எடை 13 கிலோ. எம்ஆர்ஐக்காக மூக்கில் மிடாசோலம், அளவு இவ்வளவு, காலை 10.20. 10.30 முதல் கத்தல், உதைத்தல், அடையாளம் தெரியவில்லை. சாச்சுரேஷன் 98, சர்க்கரை சரி. தடிப்பு, வீக்கம் இல்லை. மேலும் மருந்து தரவில்லை. 11.25க்குத் தானாக அடங்கியது. வலிப்பு இல்லை. வீடியோ பெற்றோரிடம்." இதைப் போட்டோ எடுத்து அப்பா அம்மா இருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை மயக்க மருத்துவர் டெக்ஸ்மெடிடோமிடின் போல வேறு மருந்தை யோசிப்பதா, மருந்தே இல்லாமல் பால் கொடுத்து இயல்பாகத் தூங்கவைத்து ஸ்கேன் எடுப்பதா என்று இதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.